பட்டியல் தர மறுத்த ஊர்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் காலை முறை மாறும் நேரத்தில், தேநீர்க் கடையொன்றின் வாயிலிலே நின்று செவிகொடுத்துக் கேளுங்கள். ஒருவர் தமிழில் தேநீர் கேட்பார். அடுத்தவர் தெலுங்கில் நலம் உசாவுவார். மூன்றாமவர் கன்னடத்தில் தம் மேலாளரைத் திட்டித் தீர்ப்பார். கடைக்காரர் மூவருக்கும் அவரவர் மொழியிலேயே விடை தருவார். மூவரிடமும் ஒரே விலைதான் வாங்குவார். சில கல் தொலைவில் அத்திப்பள்ளி. அங்கே மாநிலம் மாறுகிறது. பலகையில் எழுத்து மாறுகிறது. வயலில் விளையும் கேழ்வரகு மாறுவதில்லை. பெண் கொடுப்பதும் கொள்வதும், சந்தைக்குப் போவதும் வருவதும் எல்லைக் கல்லைக் கேட்டு நடப்பவை அல்ல.

இந்த அமைதியான கோடு ஒருமுறை உயிருக்கும் சாவுக்கும் நடுவே கிழித்த கோடாயிற்று. 1991 ஜூன் 25ஆம் நாள் காவிரி நடுவர் மன்றம் தன் இடைக்காலத் தீர்ப்பை வழங்கிற்று. டிசம்பர் 11ஆம் நாள் அது மைய அரசின் அரசிதழில் வெளிவந்தது. அடுத்த இரண்டு நாட்களில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. குடிசைகள் எரிந்தன, கடைகள் சூறையாயின, உயிர்கள் பறிபோயின. கைக்குழந்தையும் துணி மூட்டையுமாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்த எல்லையைத் தாண்டி ஓசூருக்கும் கிருட்டிணகிரிக்கும் வந்து சேர்ந்தனர். அந்நாட்களிலே தமிழரைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்த கன்னட அண்டை வீட்டாரும் உண்டு. அவர்களுக்குச் சிலை இல்லை. தெருப் பெயர் இல்லை. அடித்தவன் கதை ஆண்டுதோறும் பேசப்படுகிறது. அணைத்தவன் கதை அந்தந்த வீட்டுத் திண்ணையோடு அடங்கிவிடுகிறது.

எட்டாண்டு முன்னர், 1983 ஜூலையில், கொழும்பிலும் இதுவே நடந்தது, இன்னும் பெரிதாக, இன்னும் கொடிதாக. அங்கே கலகக் கும்பல் வெறுங்கையோடு வரவில்லை. வாக்காளர் பட்டியலோடு வந்தது! எந்தத் தெருவில் எந்த எண்ணுள்ள வீட்டில் தமிழன் இருக்கிறான் என்று காகிதம் காட்டிக் கொடுத்தது. கத்தியும் தீப்பந்தமும் காகிதத்தின் பின்னே நடந்தன. அங்கும் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்த சிங்களவர் இருந்தனர். அவர்கள் இல்லையேல் பிணக் கணக்கு இன்னும் பெருகியிருக்கும்.

பட்டியல்! இந்தச் சொல்லை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள், நண்பர்களே. பெருங்கொலைகள் பெரும்பாலும் பட்டியலில்தான் தொடங்குகின்றன. பட்டியல் கேட்டபோது தர மறுத்த ஓர் ஊரின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஊரின் பெயர் லெ சாம்போன் சுர் லின்யோன். பிரான்சு நாட்டின் நடுத் தென்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். ஆறு மாதம் குளிர், காற்று, பனி. உழவரும் மாடு வளர்ப்போரும் சிறு கடைக்காரரும் வாழும் ஊர். உருளைக்கிழங்கும் பாலும் அவர்தம் செல்வம். மன்னர் மாளிகை இல்லை. மாபெரும் போர் எதுவும் அங்கு நடந்ததில்லை.

ஐரோப்பாவின் நிலை அன்று என்ன? 1933இல் செருமனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதர்களை வேலையிலிருந்து விலக்கினான்; குடியுரிமையைப் பறித்தான்; கடைகளை நொறுக்கினான். அவர்கள் ஓடிப் பிழைக்க இடம் தேடினர். 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரிலே 32 நாடுகள் கூடிப் பேசின. பேசின, பேசின, பேசிக்கொண்டே இருந்தன! பரிவு காட்டாத நாடு இல்லை. பெருந்தொகையினருக்கு இடம் தர முன்வந்த நாடோ தொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். மறு ஆண்டு, 'செயின்ட் லூயி' என்னும் கப்பல் 937 பயணிகளோடு கடல் கடந்தது. அவர்களில் மிகப் பலர் யூதர். கியூபா சிலரை மட்டுமே இறங்கவிட்டது. அமெரிக்கா கதவைச் சாத்தியது. கப்பல் வந்த வழியே ஐரோப்பாவுக்குத் திரும்பியது.

நமக்கு இது புதிய கதையா? பறம்பு மலையின் பாரி மாண்டபின், அவன் பெண்மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் வாயில் வாயிலாகச் சென்றாரே! விச்சிக்கோன் மறுத்தான். இருங்கோவேள் மறுத்தான். பாரியின் புகழை அவர்கள் அறியாதவர்களா? அறிந்தவர்களே. ஆயினும் வலியவனின் பகை வருமோ என்ற அச்சம் அரண்மனைக் கதவுகளை எளிதில் மூடிவிடும். எவியானிலே கூடியவை 32 விச்சிக்கோன்கள்!

1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தது. 22ஆம் நாள் போர் நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வடபகுதி செருமானியர் பிடிக்குள் போயிற்று. தென்பகுதியில் முதியவர் பெத்தேன் தலைமையிலே, விசி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஓர் அரசு அமைந்தது. அடிபணிந்த அரசுக்கு ஆண்டை சொல்வதற்கு முன்பே செய்து முடிக்கும் ஆர்வம் இருந்தது. அக்டோபர் 3ஆம் நாளே யூதருக்கு எதிரான சட்டத்தை அது பிறப்பித்தது. அரசுப் பணியிலும் பள்ளியிலும் இதழ்த் துறையிலும் யூதருக்கு இடமில்லை என்றது. பிறகு கணக்கெடுப்பு. பிறகு அட்டையிலே முத்திரை. ஆம், பட்டியல்!

லெ சாம்போனில் ஆந்திரே துரோக்மே என்பவர் சீர்திருத்தக் கிறித்துவச் சபையின் போதகராக இருந்தார். எதுவார் தெய்சு அவருடைய துணைவர். 1938இல் அங்கே தொடங்கிய உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். உடன்படிக்கைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வன்முறை மனச்சான்றை நெருக்கும்போது உள்ளத்தின் கருவிகளைக் கொண்டு எதிர்ப்பது நம் கடமை என்று அவ்விருவரும் தம் மக்களுக்கு அறிவித்தனர். சொல்வது எளிது. அச்சொல்லைச் செயலாக்கும் நாள் அந்தக் குளிர்காலத்திலேயே வந்தது.

பனி கொட்டும் ஒரு மாலை. போதகர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. துரோக்மேயின் மனைவி மக்தா கதவைத் திறந்தார். செருமனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் ஒருத்தி, மெல்லிய உடையில் நடுங்கியபடி நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்டாள். மக்தா அவளை உள்ளே அழைத்தார், அடுப்பருகே அமர்த்தினார், உணவளித்தார். பின்னர் அவளுக்குத் தாள்கள் பெற்றுத் தர ஊர்த்தலைவரிடம் சென்றார். அவரோ மறுத்துவிட்டார், அயலாள் ஒருத்திக்காக ஊரையே இடருக்கு உள்ளாக்குவதா என்று சீறினார்.

அவர் கேள்வியை நாம் எள்ளி நகையாட வேண்டா. அது பொறுப்புள்ள மனிதர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. நம்மூரிலும் கேட்பார்கள், நாமே கேட்போம். ஆனால் அந்த மேட்டு நிலத்து மக்கள் அந்தக் கேள்விக்கு வேறு விடை கண்டனர். ஒருவர் பின் ஒருவராக, ஊர் கூட்டித் தீர்மானம் போடாமல், கதவு கதவாக விடை சொன்னார்கள்.

1942 ஜூலை 16, 17 ஆகிய நாட்களில் பாரிசு நகரில் 13,000க்கு மேற்பட்ட யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். அவர்களில் 4,000க்கு மேற்பட்டோர் குழந்தைகள்! பிடித்தவர்கள் செருமானியப் படையினர் அல்லர், பிரெஞ்சுக் காவலர்கள். பெயரும் முகவரியும் எழுதிய அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் கதவைத் தட்டினர்.

அடுத்த மாதமே விசி அரசின் இளைஞர் துறைத் தலைவர் லாமிராண் லெ சாம்போனுக்கு வந்தார். வரவேற்பும் விருந்தும் எளிமையாக முடிந்தன. மாணவர்கள் ஒரு மடலை அவர் கையில் கொடுத்தனர். பாரிசில் நடந்த கொடுமையைக் கண்டித்திருந்தனர். எங்களிடையிலும் யூதர் உள்ளனர், எங்களுக்கு அவர்களும் மற்றவரும் ஒன்றே, அவர்களை ஒப்படைக்கக் கட்டளை வந்தால் பணியமாட்டோம் என்ற பொருள்பட எழுதியிருந்தனர். அரும்பு மீசை முளைக்காத பிள்ளைகள் அமைச்சரகத்தின் முகத்துக்கு நேரே சொன்ன சொல் அது.

அம்மாதத்திலேயே காவலர்கள் பேருந்துகளோடு வந்து இறங்கினர். துரோக்மேயிடம் யூதர் பட்டியலைக் கேட்டனர். அவர் தரவில்லை. இங்கு யூதர் யாரென்று எமக்குத் தெரியாது, மனிதரை மட்டுமே அறிவோம் என்பதே அவர் விடையாக நிலைத்தது. வீடு வீடாகத் தேடினர். நிலவறையிலும் பரணிலும் தேடினர். அகதிகளோ அதற்குள் காட்டுக்குள்ளும் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டனர். பேருந்துகள் ஏறத்தாழ வெறுமையாகவே திரும்பின. காவலர்கள் அகன்றதும் ஊரார் காட்டோரம் சென்று பாட்டுப் பாடுவர். அந்தப் பாட்டொலி கேட்டால் வெளியே வரலாம் என்று பொருள்.

இவையெல்லாம் எப்படி நடந்தன? அந்த ஊருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அருகிலுள்ள செந்தெத்தியேன் சுரங்கமும் உருக்காலையும் நிறைந்த தொழில் நகரம். அதன் புகையிலே இருமும் தொழிலாளர் குழந்தைகளை, மலைக்காற்று வாங்கி உடல் தேறுவதற்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இந்த மேட்டு நில உழவர்கள் தம் வீடுகளில் வைத்துப் பேணி வந்தனர். கோடையில் வெளியூரார் வந்து தங்கும் விடுதிகளும் இருந்தன. ஆகவே அறியாத குழந்தை ஒன்று உழவன் வீட்டு முற்றத்தில் ஓடியாடுவது அங்கு வியப்பன்று. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்குத் திறந்து பழகிய கதவு, யூதப் பிள்ளைக்கும் திறந்தது. தொழிற்பேட்டையை அருகில் வைத்திருக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் இல்லையா?

அமெரிக்கக் குவேக்கர் சங்கத்தாரும் சுவிஸ் நாட்டுக் குழந்தை நலத் தொண்டரும் பிற அமைப்பினரும் பொருளுதவி செய்தனர். தடுப்பு முகாம்களிலிருந்து குழந்தைகளை மீட்டுக் கொண்டுவந்தனர். குழந்தைகளுக்கெனத் தனி விடுதிகள் எழுந்தன. வேலை பறிக்கப்பட்ட பேராசிரியர்கள் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தினர். சிலரைச் சுவிஸ் எல்லைக்கு வழிகாட்டி அனுப்பினர்.

பங்கீட்டு அட்டை இல்லாமல் ரொட்டி இல்லை. அடையாள அட்டை இல்லாமல் உயிர் இல்லை. ஒசுக்கார் ரோசோவ்ஸ்கி என்னும் யூத இளைஞன், இருபது வயது நிரம்பாதவன், பண்ணை வீடொன்றில் தங்கிப் போலி அட்டைகள் செய்து தந்தான். அவனுடைய முத்திரைகளும் தாள்களும் பண்ணையின் தேன்கூட்டுப் பெட்டிகளுக்குள் மறைந்திருந்தன. மருத்துவம் படிக்க விரும்பி, யூதன் என்பதற்காக வாய்ப்பு மறுக்கப்பட்டவன். போருக்குப் பின் மருத்துவனே ஆனான்.

போலி அட்டை பொய்யல்லவா, பொய் சொல்லலாமா என்று கேட்கும் ஒழுக்க வாணருக்கு வள்ளுவர் எப்போதோ விடை கூறிவிட்டார். பழுதற்ற நன்மை தரும் பொய்க்கு வாய்மையின் பக்கத்திலேயே இருக்கை போட்டவர் அவர். கொலைகாரன் பட்டியல் கேட்கையில் உண்மை பேசுவது அறமன்று, கொலைக்குத் துணை.

1942 நவம்பரில் செருமானியர் தென்பகுதியையும் பிடித்தனர். லெ சாம்போனின் விடுதிகளில் காயம்பட்ட செருமானிய வீரர்கள் ஓய்வெடுக்க வந்து தங்கினர். ஒரு தெருவில் அவர்கள். அடுத்த தெருவில் யூதக் குழந்தைகள்! ஊரே அறிந்த கமுக்கத்தை ஊரே காத்தது. ஒருவரும் அடுத்தவரைக் கேட்கவில்லை. யார் வீட்டில் யார் என்பது அறியாதிருப்பதே காவல் என்று கண்டனர்.

விலை கொடாமல் இது முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். 1943 பிப்ரவரியில் துரோக்மே, தெய்சு, ஆசிரியர் தார்சிசாக் ஆகிய மூவரும் கைதாகிச் சில வாரங்கள் தடுப்பு முகாமில் இருந்தனர். ஜூன் 29ஆம் நாள் செருமானிய மறைகாவலர் மாணவர் விடுதி ஒன்றைச் சூழ்ந்து 18 மாணவரைப் பிடித்தனர். ஐவரை யூதரென அடையாளம் கண்டு அவுசுவித்சுக்கு அனுப்பினர், அவர்கள் மீளவில்லை. விடுதிப் பொறுப்பாளர் தானியேல் துரோக்மே, போதகரின் உறவினர், தம் மாணவரோடு தாமும் சென்றார். 1944இல் மைதானெக் முகாமில் மாண்டார். ஊர் மருத்துவர் ரோசே லெ ஃபோரெசுத்தியேயை 1944 ஆகத்து 20ஆம் நாள் லியோன் நகருக்கு அருகே சுட்டுக் கொன்றனர். பாரிசு நகரம் விடுதலை பெற ஐந்தே நாட்கள் இருந்தன.

1940 டிசம்பர் முதல் 1944 செப்டம்பர் வரை அந்த மேட்டு நிலத்திலே ஏறத்தாழ 5,000 பேர் அடைக்கலம் பெற்றதாகவும், அவர்களில் 3,000 முதல் 3,500 பேர் யூதர் என்றும் மதிப்பிடுகின்றனர். அந்த வட்டாரத்து மக்கள்தொகை ஏறத்தாழ 24,000. பிரான்சிலிருந்து கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்ட யூதர் ஏறத்தாழ 76,000 பேர் என்பதையும் உடன் வைத்துப் பாருங்கள். ஒரு மேட்டு நிலம் உலகைக் காத்துவிடவில்லை. ஆனால், வேறு வழியே இல்லை, எதிர்க்க முடியாது, எல்லாரும் அப்படித்தான் என்ற சாக்கு மொழிகளை அது பொய்யாக்கிற்று.

அவர்கள் ஏன் செய்தனர்? சமயப் பற்று காரணம் என்பார் ஒரு சாரார். உண்மையே; அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதே மறைநூலைப் படித்தவர்கள்தாம் ஐரோப்பா முழுவதும் வாழ்ந்தனர். அவர்களில் பலர் பட்டியல் எழுதினர். ஆகவே படித்த நூல் மட்டுமே காரணமாகாது. அம்மக்களிடம் ஒரு நினைவு இருந்தது. 1598இல் நாந்து நகர ஆணை அவர்தம் முன்னோருக்கு வழிபாட்டுரிமை தந்தது. 1685இல் பதினான்காம் லூயி அதைப் பறித்தான். காட்டில் ஒளிந்து வழிபட்டனர். பிடிபட்டவர் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர். மாரி துராண் என்ற பெண் தன் கொள்கையைக் கைவிட மறுத்து, 1730 முதல் 38 ஆண்டுகள் கோட்டைச் சிறையில் கிடந்தாள். எதிர்த்து நில் என்னும் பொருளுடைய ஒரு சொல் அச்சிறைக் கல்லில் இன்றும் உள்ளது. அதைப் பொறித்தவள் அவளே என்பர். சிறுபான்மையாய் வாழ்வது என்ன என்பதைப் பாட்டி சொன்ன கதையாய்க் கேட்டு வளர்ந்தவர்கள் அவ்வூரார்.

அடிபட்ட நினைவு எல்லாரையும் அருளாளர் ஆக்குவதில்லை என்பதும் நாம் அறிந்ததே. அடிபட்டவன் பழி வாங்கவும் கற்கலாம். பிறனுக்குக் கதவு திறக்கவும் கற்கலாம். எதைக் கற்கிறான் என்பது அவன் பிள்ளைகளுக்கு அக்கதையை எப்படிச் சொல்கிறான் என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டிலும் அந்தப் போர்க்காலத்தில் கதவு ஒன்று திறந்தது. 1942இல் நவநகர் மன்னர் திக்விசயசிங், சோவியத்து நாட்டிலிருந்து வந்த போலந்து நாட்டு ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பாலாசடி என்னும் கடற்கரை ஊரில் இல்லம் அமைத்தார். அவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லர். ஆயினும் போர் துரத்திய பிள்ளைகளே. மன்னரின் செயல் போற்றத்தக்கது. ஆனால் மன்னருக்குக் காவலும் களஞ்சியமும் இருந்தன. லெ சாம்போன் உழவனுக்கு இருந்தது ஒரு கொட்டில், ஒரு பானைக் கஞ்சி, ஒரு வாய்ப்பூட்டு.

அந்த உழவனுக்கு உறவினள் ஒருத்தி நம் இலக்கியத்திலே உண்டு. அவள் மாதரி. மதுரை மதிலுக்கு வெளியே மாடு மேய்த்துப் பால் விற்கும் ஆயர்குல முதுமகள். கவுந்தி அடிகள் கேட்க, முன்பின் அறியாத கண்ணகியையும் கோவலனையும் ஏற்றுக்கொண்டாள். ஊரின் செல்வர் மாடங்கள் எல்லாம் இருக்க, அவள் குடில்தான் அடைக்கலமாயிற்று. காத்துத் தருவேனென ஏற்ற அடைக்கலம் அழிந்தபோது, அவள் தன்னை மன்னிக்கவில்லை; தீயிற் பாய்ந்தாள். நீதி தவறிய மன்னன் அரியணையில் உயிர்விட்டதைப் பேசுகிறோம்; ஏற்ற பொறுப்பு தவறியதென்று எண்ணி உயிர்விட்ட அந்த மோர்க்காரியை எத்தனை மேடை பேசிற்று? இளங்கோ அவளுக்காக ஒரு காதைக்கே அடைக்கலம் என்று பெயர் வைத்தார்.

இசுரேல் நாட்டின் நினைவு நிறுவனமான யாத் வசேம் 1990இல் லெ சாம்போனையும் சூழ்ந்த ஊர்களையும் ஊராகவே சேர்த்துச் சிறப்பித்தது. அவ்வூரார் பலரும் இதில் பாராட்ட என்ன உள்ளதென்றே வியந்தனர். கதவைத் தட்டினார்கள், திறந்தோம் என்பதற்குமேல் அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மீண்டும் ஓசூருக்கு வருவோம். அந்தத் தேநீர்க் கடையில் இன்று மூன்று மொழிகள் மட்டும் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் இந்தியிலும் ஒடியாவிலும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்; ஓர் அறையில் பலராகத் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடவர் தாக்கப்படுகின்றனர் என்ற பொய்ச் செய்தி பரவி அவர்களை நடுங்க வைத்ததை மறந்திருக்கமாட்டோம். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தபோது, மூட்டையைத் தலையில் சுமந்து மக்கள் இந்த எல்லையை நடந்தே கடந்ததையும் மறந்திருக்கமாட்டோம். வதந்திக்கு ஒரு நாள் போதும். ஆற்றிலே நீர் குறைந்தால் போதும்.

அந்த நாள் வரும்போது எவனோ ஒருவன் நம் வாயிலில் வந்து நிற்பான். கையில் ஆயுதம்கூட இருக்காது. "இந்தத் தெருவில் அவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்?" என்று மெல்லக் கேட்பான். அவனுக்கு நாம் சொல்லும் விடையை அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் இராது. இன்றே, அடுத்த அறைக்காரன் பெயரைக் கேட்டு, அவன் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ் கொடுத்துப் பழகியிருந்தால், விடை தானே வரும்.

இங்கே மனிதர் இருக்கிறார்கள். வேறு யாரையும் எமக்குத் தெரியாது!